நலமான மூளையில் குடியிருக்கும் வைரஸ்கள்

1995ஆம் ஆண்டு, அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இயங்கிய பாத்தோஜெனிசிஸ் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு வேட்டையின் முடிவை வெளியிட்டார்கள். மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயில், மூளையின் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் கொழுப்புறை திட்டுத் திட்டாக அழிந்துபோகிறது. இதன் பின்னால் ஏதோ ஒரு வைரஸ் இருக்க வேண்டும் என்ற ஐயம் நெடுநாளாக உண்டு. பீட்டர் சாலனரும் அவருடைய சகாக்களும் இன்ன வைரஸ் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு தேடவில்லை. நோயாளியின் மூளையிலிருந்து எடுத்த டி.என்.ஏ.யைச் சலித்து, அதில் மனிதனுக்குச் சொந்தமில்லாத துண்டு எதுவும் தட்டுப்படுகிறதா என்று பார்த்தார்கள். ஒரு துண்டு சிக்கியது. அது ஹெர்பிஸ் குடும்பத்தின் ஆறாவது வைரஸுடையது.

அடுத்த வேலை, அந்த நோய் இல்லாமல் வேறு காரணங்களால் இறந்தவர்களின் மூளையில் தேடுவது. அங்கும் அது இருந்தது. நோயாளிகளில் 70 சதவீதத்துக்கு மேல். நோயில்லாதவர்களிலும் 70 சதவீதத்துக்கு மேல். இது மனித மூளையில் சாதாரணமாகவே குடியிருக்கும் வைரஸ் என்று அந்தக் குழுவே எழுத வேண்டிவந்தது. அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் உண்டு. வைரஸின் டி.என்.ஏ.யை விட்டுவிட்டு, அது உற்பத்தி செய்யும் புரதங்களைத் தேடியபோது, நோயாளிகளின் சிதைந்த திட்டுகளை ஒட்டிய செல்களில் அவை தென்பட்டன. நோயில்லாதவர்களின் மூளையில் அப்படித் தென்படவில்லை.

ஹெர்பிஸ் வைரஸ்களுக்கும் மனித மூளைக்கும் உள்ள உறவைப் பற்றி அதன்பின் வந்த விவாதங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு செய்திகளுக்கு நடுவேதான் ஊசலாடுகின்றன. வைரஸ் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அது விழித்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் சேர்த்துப் படித்ததால் வந்த குழப்பங்கள் ஏராளம். ஒவ்வொரு முறையும் அந்தக் குழப்பத்தைத் தெளிவித்தது, ஒப்பீட்டுக்காக ஓரமாக வைத்திருந்த நலமான மூளைகள்தான்.

மனிதனைத் தொற்றும் ஹெர்பிஸ் வைரஸ்கள் ஒன்பது. உதட்டில் கொப்புளம் போடும் ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் 1, பெரும்பாலும் பிறப்புறுப்பைத் தாக்கும் ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் 2, சின்னம்மை வைரஸ், எப்ஸ்டீன்-பார், சைட்டோமெகலோ, ஆறாம் வைரஸின் ஏ, பி என்ற இரு வகைகள், ஏழாவது, கபோசி புற்றுநோயோடு தொடர்புடைய எட்டாவது. இவற்றில் ஒன்றுகூட ஒட்டாமல் முதுமை வரை வாழ்ந்துவிடுகிறவர் அபூர்வம். உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 64 சதவீதத்தினர், அதாவது சுமார் 380 கோடிப் பேர், முதல் வகை ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸைச் சுமக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆறாம் வைரஸின் பி வகை இதைவிடச் சுறுசுறுப்பானது. இரண்டு வயதுக்குள்ளேயே பெரும்பாலான குழந்தைகளைப் பிடித்துவிடும்.

இந்தக் குடும்பம் முழுவதற்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. தொற்றிய பிறகு உடலை விட்டுப் போவதில்லை. கோடையில் குளம் வற்றியதும் சேற்றுக்கடியில் போய்க் கிடந்து, மழை பெய்ததும் மேலே வரும் விரால் மீனைப் போல, ஏதேனும் ஒரு செல்லுக்குள் அடங்கிக் கிடந்து வாய்ப்பு வரும்போது தலைகாட்டும்.

எந்தச் செல்லுக்குள் என்பதைக் கண்டறிந்த கதை சுவையானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நரம்பு அறுவை மருத்துவத்தின் முன்னோடியான ஹார்வி குஷிங், தாங்க முடியாத முகவலியால் துடித்த நோயாளிகளுக்கு முக்கிளை நரம்பில் அறுவை செய்துவந்தார். அதற்குப்பின் சிலருக்கு முகத்திலும் உதட்டிலும் கொப்புளங்கள் கிளம்பியதை அவர் குறித்துவைத்தார். கத்தி பட்டது மண்டைக்குள். கொப்புளம் வந்தது உதட்டில். இந்த விசித்திரத்தை வைத்து, அமெரிக்க நோயியலாளர் எர்னஸ்ட் குட்பாஸ்ச்சர் 1929இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: வைரஸ் உதட்டில் இல்லை, அந்த உதட்டுக்கு வரும் நரம்பின் முடிச்சில் ஒளிந்திருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது வெறும் கருத்தாகவே இருந்தது. 1971இல் ஜாக் ஸ்டீவன்ஸும் மார்ஜரி குக்கும் எலிகளின் நரம்பு முடிச்சுகளில் உறங்கும் வைரஸைக் காட்டினார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள், இறந்த மனிதர்களின் முக்கிளை நரம்பு முடிச்சுகளை ஆய்வகத்தில் வைத்து வளர்த்தபோது அவற்றிலிருந்தும் வைரஸ் எழுந்துவந்தது. அவர்களில் யாரும் ஹெர்பிஸால் இறந்தவர்கள் அல்லர்.

உறக்கம் என்பது இங்கே வெறும் உவமைச் சொல்லாக நில்லாமல், அளந்து பார்க்கக்கூடிய நிலையாகவே இருக்கிறது. சுமார் ஒன்றரை லட்சம் எழுத்துகள் கொண்ட வைரஸின் டி.என்.ஏ., நரம்புச் செல்லின் உட்கருவுக்குள் ஒரு வளையமாக மூடிக்கொண்டு, செல்லின் சொந்தப் புரதங்களால் சுற்றப்பட்டுக் கிடக்கிறது. எண்பதுக்கு மேற்பட்ட மரபணுக்களில் ஏறக்குறைய எல்லாமே அணைந்துவிடுகின்றன. ஒரே ஒரு பகுதியிலிருந்து மட்டும் ஆர்.என்.ஏ. ஏராளமாகப் பிறக்கிறது. ஸ்டீவன்ஸ் குழு 1987இல் கண்டுபிடித்த இந்த ஆர்.என்.ஏ.தான் உறங்கும் வைரஸின் அடையாளம். புதிய வைரஸ் துகள் எதுவும் உருவாவதில்லை. உருவாக்கப்படாத ஒன்றை நோய் எதிர்ப்பாற்றலால் எளிதில் தேடிப் பிடிக்க முடியாது.

சின்னம்மை வைரஸும் இதே முறையில் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் தங்கிவிடுகிறது. முதுமையிலோ உடல் தளர்ந்த வேளையிலோ ஒரு முடிச்சில் மட்டும் விழித்துக்கொண்டால், அந்த நரம்பு போகும் வழியெல்லாம் உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளம் எழும்பும். நம் ஊரில் அதற்குப் பெயர் அக்கி. குயவரிடம் போய்ச் செங்காவியால் 'அக்கி எழுதி'க்கொள்ளும் வழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. எழுதினாலும் எழுதாவிட்டாலும் பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் ஆறிவிடும் என்பது எழுதுபவருக்குச் சாதகமான விஷயம்.

நரம்பு முடிச்சுகள் மூளைக்கு வெளியே இருக்கின்றன. அங்கே வைரஸ் இருப்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டது. மூளைக்குள்ளேயே இருக்கும் என்றபோது தயங்கியது. மூளை கிருமியற்ற தனிக்கோட்டை என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது. அதற்கு ஓரளவு சான்றும் உண்டு. 1940களில் பீட்டர் மெடவார், முயலின் மூளைக்குள் வைத்த அயல் தோல்துண்டை உடல் உடனடியாக நிராகரிக்காததைக் கண்டு, நோய் எதிர்ப்பாற்றலின் பார்வையிலிருந்து மூளை விலகியிருப்பதாகக் காட்டியிருந்தார். மூளையைச் சுற்றிய உறையில் நிணநீர் நாளங்கள் ஓடுவதை 2015இல் ஜொனாதன் கிப்னிஸ் குழு எலிகளில் காட்டிய பிறகே, அந்தக் கோட்டைக்கும் வாசல்கள் உண்டு என்பது பாடநூல்களுக்குள் நுழைந்தது.

ஆனால் மூளைக்குள் வைரஸ் இருப்பதற்கான சான்றுகள் முன்பே வரத் தொடங்கிவிட்டன. பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தைச் சேர்ந்த நைஜல் ஃபிரேசரும் சகாக்களும் 1981இல், மனித மூளைத் திசுவில் ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸின் டி.என்.ஏ. இருப்பதைக் காட்டினார்கள். டி.என்.ஏ. துணுக்குகளைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். சோதனை பரவலான பிறகு தேடல் எளிதானது. 1994இல் ரிச்சர்ட் பாரிங்கரும் பமீலா பிசானியும் 40 பேரின் பிரேதப் பரிசோதனைத் திசுக்களை ஆராய்ந்து, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரின் மூளையில் அதன் தடயத்தைக் கண்டார்கள். முகர்வுக் குமிழ், நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ், அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்று வெவ்வேறு இடங்களில் அது இருந்தது. அளவு மிகச் சொற்பம். ஆனால் இருந்தது.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ரூத் இட்ஸாக்கி குழு 1990களின் தொடக்கத்தில் இன்னொரு வேறுபாட்டைக் கண்டது. முதியவர்களின் மூளையில் இந்த வைரஸ் அடிக்கடி கிடைத்தது; அல்சைமர் நோய் இருந்தவர்களிடமும் இல்லாதவர்களிடமும் ஏறக்குறைய ஒரே மாதிரி. இளம்வயதில் இறந்தவர்களின் மூளையில் அது அரிது. வயது ஏறி எதிர்ப்பாற்றல் தளரும்போது, நரம்பு முடிச்சில் கிடந்த வைரஸ் மெல்ல மேலேறி மூளைக்குள் இடம்பிடிக்கிறது என்பது அவருடைய விளக்கம்.

ஆறாம் வைரஸ் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. 1986இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் சாக்கி சலாவுதீன், தரம் அப்லாஷி, ராபர்ட் காலோ ஆகியோர் கண்டுபிடித்த இந்த வைரஸ், குழந்தைகளுக்கு மூன்று நாள் கடுங்காய்ச்சல் அடித்து, விட்டதும் மேலெல்லாம் ரோஜா நிறத்தில் தடிப்பு வரும் நோய்க்குக் காரணம் என்பதை இரண்டே ஆண்டுகளில் ஜப்பானின் கொய்ச்சி யமனிஷி கண்டறிந்தார். நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டரில் குழந்தை மருத்துவர் கேரலின் ஹால் 1994இல் வெளியிட்ட ஆய்வு பெற்றோர்களுக்கு நன்கு தெரிந்த ஓர் அச்சத்தைத் தொட்டது: இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு வரும் காய்ச்சல் வலிப்புகளில் மூன்றில் ஒன்றோடு இந்த வைரஸ் தொடர்புடையது. அந்தக் குழு, தொற்றிய குழந்தைகளின் மூளைத் தண்டுவட நீரிலும் வைரஸின் டி.என்.ஏ. நீடித்திருப்பதைக் கண்டது. ஆக, மூளைக்குள் அதன் குடியேற்றம் தொட்டில் பருவத்திலேயே நடந்துவிடக்கூடும்.

வழி எது? 2011இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஸ்டீவன் ஜேக்கப்சன் குழு மூக்கைச் சுட்டிக்காட்டியது. உடலில் வெளிக்காற்றைத் தொட்டுக்கொண்டே மறுமுனையில் நேரே மூளைக்குள் நுழையும் நரம்பு, முகர்வு நரம்பு. நலமான பலரின் மூக்குச் சளியிலேயே ஆறாம் வைரஸ் இருந்தது; இறந்தவர்களின் மூளைப் பகுதிகளில் முகர்வுக் குமிழிலும் அதை ஒட்டிய பாதையிலும் அது அடிக்கடி கிடைத்தது.

அண்மையில் பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேடலை உடல் முழுவதற்கும் விரித்தார்கள். அண்மையில் இறந்த 31 பேரின் ஒன்பது உறுப்புகளில் டி.என்.ஏ. வைரஸ்களைத் தேடி, 17 இனங்களைக் கண்டதாக 2023இல் அறிவித்தார்கள். மூளையும் அந்த ஒன்பதில் அடக்கம். மனித உடல் என்பது மனித செல்களால் மட்டும் ஆனது என்ற எண்ணம் குடல் பாக்டீரியாக்கள் விஷயத்தில் முன்பே தளர்ந்துவிட்டது. வைரஸ்கள் விஷயத்தில் இப்போதுதான் தளர்கிறது.

இந்த இடத்தில் ஒரு முட்டுக்கட்டை போட வேண்டும். மூளைத் திசுவில் வைரஸைக் 'கண்டேன்' என்பது கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். பிரேதப் பரிசோதனையில் எடுக்கும் துண்டில் ரத்தமும் இருக்கும். அந்த ரத்தத்தின் வெள்ளணுக்களில் ஆறாம், ஏழாம் வைரஸ்களும் எப்ஸ்டீன்-பார் வைரஸும் உறங்கிக்கொண்டிருக்கும். கண்டுபிடித்தது மூளைச் செல்லின் வைரஸையா, ரத்தத்தின் வைரஸையா? வைரஸ் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்களில் மட்டும் இருந்தால், ஒரு துண்டில் கிடைக்கும். ஒரு விரற்கடை தள்ளி வெட்டிய துண்டில் கிடைக்காது. பி.சி.ஆர். ஒற்றை இலக்கத் துணுக்குகளைக்கூடப் பெருக்கிக் காட்டும் கருவி என்பதால், ஆய்வகத்துத் தூசியே ஏமாற்றிவிடும். ஆர்.என்.ஏ.யை மட்டும் படிக்கும் முறைகளிலோ, உறங்கும் வைரஸ் கண்ணில் படாமலே போகக்கூடும்.

ஆறாம் வைரஸ் இன்னொரு வித்தையும் காட்டுகிறது. உலகில் சுமார் ஒரு சதவீதம் பேருக்கு இந்த வைரஸின் முழு மரபுத்தொகுதியும் குரோமோசோமின் முனையில் தைக்கப்பட்டு, பெற்றோரிடமிருந்தே பரம்பரையாக வந்திருக்கிறது. அவர்கள் உடலின் ஒவ்வொரு செல்லிலும் ஒரு பிரதி உண்டு, மூளைச் செல் உட்பட. அப்படி ஒருவரின் மூளை ஆய்வுக்குள் வந்து, அதை இனம்கண்டு ஒதுக்காவிட்டால், வைரஸ் அளவு வானத்தைத் தொடும்.

இந்தச் சிக்கல்கள் எவ்வளவு பெரியவை என்பதற்கு 2018இல் நடந்ததே எடுத்துக்காட்டு. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பெஞ்சமின் ரீட்ஹெட், ஜோயல் டட்லி ஆகியோரும் சகாக்களும் மூளை வங்கிகளில் இருந்த 900க்கும் மேற்பட்ட மூளைகளின் மரபணுத் தரவுகளை ஆராய்ந்து, அல்சைமர் நோயாளிகளின் மூளையில் ஆறாம் வைரஸின் ஏ வகையும் ஏழாம் வைரஸும் அதிகம் என்று அறிவித்தார்கள். உலகச் செய்தித்தாள்கள் எல்லாம் எழுதின. அடுத்த ஆண்டே வேறு இருவர் அதே தரவுகளை எடுத்துக் கணக்குப் போட்டு, அந்த வேறுபாடு புள்ளியியல் முறையைப் பொறுத்து மறைந்துவிடுகிறது என்றார்கள். 2020இல் ஜேக்கப்சன் குழு அந்தத் தரவுகளோடு வேறு மூளை வங்கிகளின் திசுக்களையும் சேர்த்து, இன்னும் நுட்பமான பி.சி.ஆர். முறையில் சோதித்தது. நோயாளிகளுக்கும் நலமானவர்களுக்கும் ஆறாம் வைரஸின் அளவில் வேறுபாடு இல்லை. இதை அவ்வளவு செய்தித்தாள்கள் எழுதவில்லை.

சரி, இத்தனை பேரின் நரம்புகளிலும் மூளையிலும் இவை இருக்குமானால், நாமெல்லாம் எப்படி நலமாக இருக்கிறோம்? இந்தக் கேள்விக்கு விடை, நலம் கெட்ட சிலரிடமிருந்து கிடைத்தது.

ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் மூளைக்குள் முழுவேகத்தில் பெருகினால் வருவது மூளை அழற்சி. காய்ச்சல், தலைவலி, பேச்சில் குழப்பம், நடத்தையில் மாற்றம், வலிப்பு என்று சில நாட்களிலேயே முற்றும். சிகிச்சை இல்லாத காலத்தில் பத்தில் ஏழு பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் நினைவை இழந்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கெர்ட்ரூட் எலியனின் ஆய்வகத்திலிருந்து வந்த அசைக்ளோவிர் மருந்து, 1980களின் நடுவில் இந்த இறப்பை வெகுவாகக் குறைத்தது. ஆனால் வியப்பு வேறு இடத்தில் இருக்கிறது. 380 கோடிப் பேர் சுமக்கும் வைரஸ், ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் இரண்டு முதல் நான்கு பேரை மட்டுமே இப்படித் தாக்குகிறது.

பாரிஸில் ஜீன்-லோரான் காசனோவா குழு, இந்த அழற்சிக்கு ஆளான குழந்தைகளின் மரபணுக்களைத் தேடியது. அந்தக் குழந்தைகள் மற்ற நோய்களை எல்லாம் இயல்பாக எதிர்த்து நின்றவர்கள். 2006, 2007ஆம் ஆண்டுகளில் வெளிவந்த முடிவுகளில், டி.எல்.ஆர்.3 என்ற உணரியும் அதைச் சார்ந்த புரதமும் சிலருக்குப் பழுதாக இருந்தது தெரிந்தது. பிறகு அவர்களின் தோல் செல்களை ஆய்வகத்தில் நரம்புச் செல்களாக மாற்றி வைரஸை ஏவியபோது, அந்த நரம்புச் செல்களால் தங்களைக் காத்துக்கொள்ள முடியவில்லை. அதாவது, மூளையைக் காப்பது ரத்தத்திலிருந்து வரும் படை மட்டுமல்ல. ஒவ்வொரு நரம்புச் செல்லும் தனக்குத்தானே காவல். நம்மில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் அந்தக் காவல் வேலை செய்துகொண்டிருப்பதால்தான் இந்த நோய் அரிதாக இருக்கிறது.

வெளியிலிருந்து வரும் படையின் காவலும் தேவை. நரம்பு முடிச்சில் உறங்கும் வைரஸைச் சுற்றி டி செல்கள் எனும் வெள்ளணுக்கள் ஆண்டுக்கணக்கில் கூடாரமடித்து உட்கார்ந்திருப்பதை மனிதத் திசுக்களிலேயே பார்த்திருக்கிறார்கள். மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குத் தரும் நடாலிசுமாப் என்ற மருந்து, இந்தச் செல்கள் மூளைக்குள் நுழைவதைத் தடுக்கிறது. அதன் எச்சரிக்கைக் குறிப்பில் ஹெர்பிஸ் மூளை அழற்சி இடம்பெற்றிருப்பது தற்செயல் இல்லை. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப்பின் எதிர்ப்பாற்றல் அடியோடு விழுந்த சில வாரங்களில், சிறுபான்மை நோயாளிகளுக்கு ஆறாம் வைரஸ் விழித்தெழுந்து திடீர் நினைவிழப்பை உண்டாக்குகிறது. அவ்வளவு கடுமையான வீழ்ச்சிகூட வேண்டியதில்லை, மன அழுத்தமே போதும் என்பதை விண்வெளி வீரர்கள் காட்டினார்கள். நாசாவின் சதீஷ் மேத்தா குழு பரிசோதித்ததில், குறுகிய விண்கலப் பயணம் சென்ற 89 பேரில் 47 பேரும், நீண்டகாலம் விண்வெளி நிலையத்தில் தங்கிய 23 பேரில் 14 பேரும் எச்சிலிலோ சிறுநீரிலோ ஹெர்பிஸ் வைரஸ்களை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறி ஏதும் இல்லை.

அழற்சிக்கும் முழு உறக்கத்துக்கும் நடுவே ஒரு சாம்பல் நிறப் பகுதி இருக்கிறது. வைரஸ் அவ்வப்போது சில செல்களில் அரைகுறையாக விழித்து, காவலர்களால் அமுக்கப்பட்டு, மறுபடி அடங்குகிறது. ஒவ்வொரு முறையும் சிறிது அழற்சியை விட்டுச் செல்கிறது. அல்சைமர் பற்றிய இன்றைய கருதுகோள் இங்கேதான் நிற்கிறது. இட்ஸாக்கி 1997இல் சொன்னதும் இந்தத் திசையில்தான்: மூளையில் வைரஸ் மட்டும் இருந்தால் ஆபத்தில்லை, ஏ.பி.ஓ.இ.4 என்ற மரபணு வகை மட்டும் இருந்தாலும் ஆபத்து கூடுவதில்லை, இரண்டும் சேர்ந்தவர்களிடம் நோய் கூடுதல். நலமான மூளையிலும் வைரஸ் கிடைக்கிறதே என்று எழுந்த எதிர்ப்புக்கு அது ஒரு நேர்மையான பதில். 2018இல் ஹார்வர்டைச் சேர்ந்த ராபர்ட் மோயரும் ருடால்ஃப் டான்சியும் இன்னொரு கோணத்தைக் காட்டினார்கள்: அல்சைமர் மூளையில் படியும் அமைலாய்டு புரதம் ஹெர்பிஸ் வைரஸ்களை வலைபோலச் சுற்றிப் பிடிக்கிறது. குப்பை என்று நினைத்தது ஒருவேளை பழைய தற்காப்பின் மிச்சமாக இருக்கலாம் என்றார்கள். எலிகளிலும் செல் வளர்ப்பிலும் கண்டது இது. மனித மூளையில் இதுதான் நடக்கிறது என்று நிறுவியதாகாது.

கருதுகோளை நேரடியாகச் சோதிக்க ஒரே வழி மருந்து கொடுத்துப் பார்ப்பது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டி.பி.தேவானந்த் தலைமையில், தொடக்கநிலை அல்சைமர் உள்ள, ரத்தத்தில் ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் எதிரணு உள்ள 120 பேருக்கு 78 வாரங்கள் வாலசைக்ளோவிர் அல்லது போலி மாத்திரை தரப்பட்டது. 2025இல் முடிவு வந்தது. மருந்தால் பயனில்லை. மருந்து உண்டவர்களின் நினைவுத் தேர்வு மதிப்பெண், போலி மாத்திரை உண்டவர்களைவிடக் கூடுதலாகவே சரிந்திருந்தது.

இது கருதுகோளுக்குச் சாவுமணியா? இந்தக் கட்டுரையாளரின் கணிப்பில், அது இன்னும் அடிக்கவில்லை. ஆனால் மணி கையிலெடுக்கப்பட்டுவிட்டது. அசைக்ளோவிர் இனத்து மருந்துகள் வேலை செய்ய, வைரஸ் பெருகிக்கொண்டிருக்க வேண்டும். வைரஸின் சொந்த நொதி ஒன்றுதான் அந்த மருந்தைச் செயலூட்டுகிறது. உறங்கும் வைரஸை அது தொடுவதே இல்லை. நோய் தொடங்கிய பிறகு தந்ததால் காலம் கடந்துவிட்டது என்ற வாதமும் உண்டு. இரண்டும் நியாயமான வாதங்கள்தான். ஆனால் எந்தச் சோதனை தோற்றாலும் ஒரு நியாயம் கிடைக்கும் கருதுகோள், நாளடைவில் சோதிக்க முடியாததாகிவிடும்.

அதே 2025இல் வேறொரு திசையிலிருந்து வந்த செய்திதான் ஆய்வாளர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2013 செப்டம்பர் 1இல் முதியவர்களுக்கு அக்கித் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, அன்று 80 வயது நிரம்பியிருந்தவர்களுக்கு ஊசி இல்லை என்று விதி வைத்தார்கள். 1933 செப்டம்பர் 2க்கு முன் பிறந்தவருக்கு வாய்ப்பே இல்லை. அன்றும் அதற்குப் பின்னும் பிறந்தவருக்கு உண்டு. ஒரு வாரம் முன்னும் பின்னும் பிறந்தவர்களுக்கு இடையே உணவிலோ கல்வியிலோ வருமானத்திலோ என்ன வேறுபாடு இருந்துவிட முடியும்? அரசாங்கத்தின் ஒரு விதி, எந்த ஆய்வாளரும் திட்டமிட்டு அமைத்திருக்க முடியாத அளவுக்குச் சுத்தமான ஒப்பீட்டுக் குழுவைத் தந்துவிட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாஸ்கல் கெல்ட்செட்சர் குழு இரண்டேமுக்கால் லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை ஏழு ஆண்டுக் காலத்துக்குப் பார்த்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் மறதிநோய் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெண்களிடம் பலன் கூடுதல். ஆஸ்திரேலியாவின் பதிவுகளில் இதே முறையில் பார்த்தபோதும் குறைவு தென்பட்டது.

தடுப்பூசி வைரஸைக் கொல்வதில்லை, அதன் உறக்கத்தைக் காக்கும் டி செல்களைப் பலப்படுத்துகிறது. மருந்து தோற்ற இடத்தில் தடுப்பூசி பலன் தருமானால், அது வைரஸ் 'இருப்பது' பிரச்சினையில்லை, விழிப்பதே பிரச்சினை என்ற கட்சிக்கு வலுச் சேர்க்கிறது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வகத்தில் வளர்த்த மூளைத் திசுவில், சின்னம்மை வைரஸ் தொற்றியதும் அங்கே அடங்கிக் கிடந்த ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் விழித்ததை 2022இல் கண்டிருக்கிறார்கள். ஒருவன் எழுந்து பக்கத்தில் படுத்திருப்பவனையும் எழுப்பிவிடுகிறான். தடுப்பூசி பொதுவாகவே எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதால் வரும் பலனாகவும் இது இருக்கலாம் என்பதைக் கெல்ட்செட்சர் குழுவினரே சொல்கிறார்கள்.

குடியிருப்பவரால் வீட்டுக்காரருக்கு நன்மை ஏதும் உண்டா? 2007இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் வர்ஜின் குழு, உறங்கும் ஹெர்பிஸ் வைரஸைச் சுமக்கும் எலிகள் லிஸ்டீரியாவையும் கொள்ளைநோய்க் கிருமியையும் மற்ற எலிகளைவிட நன்றாக எதிர்த்து நிற்பதைக் காட்டியது. அந்தப் பாதுகாப்பு சில மாதங்களில் மங்கிவிடுகிறது என்று இரண்டு ஆண்டுகள் கழித்து வேறு குழு காட்டியது. மனிதர்களிடம் இப்படிப்பட்ட நன்மைக்குச் சான்று இல்லை. வைரஸோடு சமாதானமாக வாழ்வதை நட்பு என்று கொண்டாடும் கட்டுரைகள் இப்போது பெருகிவருகின்றன. அவற்றைக் கொஞ்சம் உப்போடு சேர்த்துத்தான் விழுங்க வேண்டும்.

வாசகருக்கு இரண்டு செய்திகள். ரத்தப் பரிசோதனையில் ஹெர்பிஸ் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்று வந்தால், உலகின் பெரும்பான்மையோரைப் போல எப்போதோ ஒரு காலத்தில் தொற்று ஏற்பட்டிருக்கிறது என்பதே அதன் பொருள். மூளையில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அந்தத் தாள் எதுவும் சொல்லாது, அதைக் காட்டி மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கவும் காரணமில்லை. மாறாக, காய்ச்சலோடு ஒருவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினாலோ, நெருங்கியவர்களை அடையாளம் தெரியாமல் விழித்தாலோ, வலிப்பு வந்தாலோ, மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். ஹெர்பிஸ் மூளை அழற்சியில் அசைக்ளோவிர் ஊசி எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு மூளை மிஞ்சும்.